எளியோர்க்கு உழைத்த ஷாப்ட்ஸ்பரி பிரபு

இங்கிலாந்து நாட்டின் வரலாற்றைப் பயிலும் நம் மாணவர்கள் அந்நாட்டு மன்னர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் அந்நாட்டின் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் உழைத்து உருக்குலைந்தனர் என்பதையும், அவர்களை மீட்க ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயாது போராடினார் என்பதையும் அறிந்தோர் நம்மில் சிலரே. அங்ஙனம் போராடியவர் பெரும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழாம் ஷாப்ட்ஸ்பரி பிரபு எனப் பட்டம் பெற்றவர். கல்வி வளர்ச்சிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருமகனாரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடைத்து. அவர் பெற்ற வெற்றிகளிலிருந்து மட்டுமன்றி, அவர் கண்ட தோல்விகளிலிருந்தும் நாம் கற்க வேண்டியவை பல உள.

பிறப்பும் இளமையும்

அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தாயார் மார்ல்பரோ கோமகனின் மகள். தந்தையார் 1811இல் ஆறாம் ஷாப்ட்ஸ்பரி பிரபுவாகப் பட்டம் ஏற்றார். அதுமுதல் மூத்த மகனாகிய இவர் ஆஷ்லி பிரபு என அழைக்கப்படலானார்.

மாளிகையில் பிறந்தும் இக்குழந்தைக்குப் பெற்றோரின் அன்பு கிட்டவில்லை. தந்தை கடுமையே உருவானவர். தாய் விருந்திலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்தவர். அவ்வீட்டில் பணிபுரிந்த மரியா மில்லிஸ் என்னும் எளிய மூதாட்டியே இவரை மடியிலிருத்திக் கதை சொல்லி, இறைவழிபாடும் கற்பித்தார். அவ்வம்மையார் இவருடைய சிறுவயதிலேயே இறந்தார். இறக்குங்கால் தம் பொற்கடிகாரத்தை இவருக்கென விட்டுச் சென்றார். பிற்காலத்தில் பெரும் பதவிகளும் விருதுகளும் தேடி வந்த நிலையிலும், அக்கடிகாரத்தையே ஷாப்ட்ஸ்பரி தம் வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார். பிரபுவின் உள்ளத்தில் இரக்கத்தை விதைத்தவர் ஒரு பணிப்பெண் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏழு வயதில் இவர் சிஸ்விக் என்னும் ஊரில் இருந்த விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அழுக்கும் பசியும் மூத்த மாணவரின் கொடுமையும் நிறைந்த அப்பள்ளி நாட்கள் இவர் நெஞ்சில் ஆறாத வடுவாக நின்றன. பின்னர் புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் பயின்றார். அங்கு ஒருநாள் இவர் கண்ட காட்சியே இவர் வாழ்வின் போக்கை வகுத்தது என்பர். ஏழை ஒருவரின் உடலைச் சிலர் குடிவெறியில் தள்ளாடியவாறு சுமந்து வந்தனர்; உறவினரோ துக்கம் காப்போரோ உடன்வரவில்லை. வழியில் சவப்பெட்டி நழுவித் தரையில் விழ, சுமந்தோர் இழிசொற்களை உதிர்த்தனர். வறியவர் என்ற ஒரே காரணத்தால் மனிதர் ஒருவர் இறந்த பின்னரும் இழிவுபடுத்தப்படுவதைக் கண்ட அச்சிறுவர், ஆதரவற்றோர்க்கே தம் வாழ்வை உரிமையாக்குவதென உறுதி பூண்டார். அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்வெட்டு ஹாரோவில் உள்ளது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் பயின்று 1822இல் முதல் வகுப்பில் தேறினார். 1826இல் தம் இருபத்தைந்தாம் வயதில் டோரிக் கட்சியின் சார்பில் காமன்ஸ் சபை உறுப்பினரானார். 1830இல் எமிலி கூப்பர் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் பதின்மரைப் பெற்று வளர்த்ததோடு, கணவரின் பொதுப்பணி அனைத்திற்கும் உறுதுணையாகவும் விளங்கினார்.

மனநோயாளர்க்குத் துணை

சபையில் நுழைந்த இளைஞர் முதலில் கையிலெடுத்தது யாரும் பேச விரும்பாத ஒரு பொருள். அக்காலத்தில் மனநோயாளர் விலங்குகளினும் கீழாக நடத்தப்பட்டனர். 1827இல் இதுபற்றி ஆராய அமைந்த குழுவில் ஆஷ்லி இடம்பெற்றார். இலண்டனிலிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் நோயாளர் சனிக்கிழமை தொடங்கித் திங்கள் காலை வரை தொட்டிக் கட்டில்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் தம் கழிவிலேயே கிடந்த அவலம் அப்போது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே காப்பகங்களைக் கண்காணிக்கும் சட்டம் நிறைவேறியது. 1845இல் நிலையான ஆணையம் ஏற்பட்டபோது அதன் தலைவரான இவர், 1885இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் அப்பொறுப்பை விடாது சுமந்தார். வாக்குரிமையோ பணமோ இல்லாத, நன்றி சொல்லவும் இயலாத மக்களுக்காக ஒருவர் அரைநூற்றாண்டு உழைத்தார் எனின் அதனினும் சிறந்த தொண்டு வேறு யாது?

ஆலைக் குழந்தைகள்

நீராவிப் பொறியின் வரவால் இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகின. பொறிகளுக்கிடையே புகுந்து அறுந்த நூலை முடியவும், அடியில் தவழ்ந்து பஞ்சைக் கூட்டவும் சிறு கைகள் வேண்டப்பட்டன. ஆதலின் குழந்தைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரமும், சில போது அதற்கு மேலும் நின்றவாறே வேலை வாங்கப்பட்டனர். உறங்கி விழுந்தோரை மேற்பார்வையாளர் வாரால் அடித்து எழுப்பினர். கால் வளைந்தோரும், பொறியில் சிக்கி விரலும் கையும் இழந்தோரும் பலர்.

இக்கொடுமையை எதிர்த்து ஆலைத் தொழிலாளரே ஊர்தோறும் குழுக்கள் அமைத்து, நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை என்னும் கோரிக்கையை எழுப்பினர். ரிச்சர்டு ஓஸ்லர் என்பார் 1830இல் இதனை யார்க்‌ஷயர் மாநிலத்து அடிமைத்தனம் எனப் பெயரிட்டு நாளேட்டில் எழுதியதும் நாடே விழித்துக்கொண்டது. சபையில் இவர்களுக்காக வாதாடிய மைக்கேல் சாட்லர், 1832ஆம் ஆண்டுத் தேர்தலில் மெக்காலே முதலியோரிடம் தோல்வியுற்றார். தொழிலாளர் தம் குரலாக வேறொருவரைத் தேடி ஆஷ்லியை அணுகினர். ஆலைகளையே கண்டிராத அவர், தம் மனைவியிடம் கலந்து அவர் இசைவையும் பெற்று, 1833இல் அப்பொறுப்பை ஏற்றார். அதனால் தம் கட்சியினரின் பகையும் ஆலை முதலாளிகளின் வெறுப்பும் வந்து சேரும் என்பதை அறிந்தே ஏற்றார்.

அவ்வாண்டில் அரசாங்கம் கொண்டுவந்த சட்டம் அவர் கேட்ட அளவுக்கு எட்டவில்லை. எனினும் பட்டாலைகள் நீங்கலாக ஏனைய நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் தடுக்கப்பட்டது. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையிலானோர்க்கு வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்றும், அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளியில் பயில வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. யாவற்றினும் முதன்மையானது, சட்டம் நடைமுறையில் உள்ளதா எனக் காண நான்கு ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டமையாகும். அதற்கு முன்னர் இயற்றப்பட்ட ஆலைச் சட்டங்கள் கேட்பாரற்று ஏட்டில் உறங்கியமைக்கு, இத்தகைய ஆய்வாளர் இல்லாமையே காரணம்.

சுரங்கத்தின் இருள்

ஆலைகளிலாவது வெளிச்சம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் அதுவும் இல்லை. ஆஷ்லியின் முயற்சியால் 1840இல் அமைந்த ஆணையம் 1842இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எழுத்தறியாதாரும் உணருமாறு அதில் படங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஐந்து வயதுக் குழந்தைகள் காற்றுக் கதவைத் திறந்து மூடுவதற்காக இருளில் தன்னந்தனியே பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தனர். சிறுமியரும் கருவுற்ற மகளிரும் இடுப்பில் வாரும் கால்களிடையே சங்கிலியும் பூட்டப்பட்டு, கைகளையும் முழங்காலையும் ஊன்றிக் கரி வண்டிகளை இழுத்தனர்.

1842 சூன் 7ஆம் நாள் ஆஷ்லி காமன்ஸ் சபையில் இரண்டு மணி நேரம் பேசினார். உறுப்பினர் பலர் கண்ணீர் வடித்தனர். மசோதா அச்சபையில் நிறைவேறினும், பிரபுக்கள் சபையில் சுரங்க உடைமையாளர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர் சுரங்கத்தில் இறங்கலாகாது என ஆஷ்லி கேட்டிருந்ததை அவர்கள் பத்து வயதாகக் குறைத்தனர். ஆயினும் பெண்களும் சிறுமியரும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வது அவ்வாண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது.

பத்து மணி நேரச் சட்டம்

1841இல் பிரதமரான ராபர்ட் பீல் இவருக்குப் பதவி அளிக்க முன்வந்தார். பத்து மணி நேரக் கோரிக்கையை ஆதரிக்காத அரசில் இடம்பெற இவர் இசையவில்லை. 1844இல் காமன்ஸ் சபை அக்கோரிக்கையை ஒருமுறை ஏற்றும், பீல் பதவி விலகுவதாக எச்சரித்ததும் பின்வாங்கிற்று. 1846இல் தானிய இறக்குமதி வரியைப் பற்றிய தம் கருத்து மாறியபோது, பழைய கருத்தை நம்பித் தமக்கு வாக்களித்தோர்க்கு நேர்மையாக நடக்க வேண்டுமெனக் கருதி இவர் தம் உறுப்பினர் பதவியையே துறந்தார். அதனால் 1847இல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது இவர் சபையில் இல்லை. அதனை நிறைவேற்றி வைத்த பெருமை ஜான் பீல்டன் என்பாரைச் சேர்ந்தது. பதினான்கு ஆண்டுகள் உழைத்தவர் வெற்றி விழாவில் வெளியே நின்றார். எனினும் அவர் வருந்தினாரல்லர். தொழிலாளரோடு சேர்ந்து மகிழ்ந்தார்.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. ஆட்களை மாற்றி மாற்றி வேலைக்கு அழைக்கும் முறையால் சட்டத்தை ஏய்த்தனர். நீதிமன்றமும் 1850இல் அதனைச் செல்லுமென்றது. அந்நிலையில் அரசாங்கம் ஓர் உடன்பாட்டை முன்வைத்தது. மாற்று முறைக்கு இடமில்லாதவாறு வேலை நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரையென வரையறுக்கப்படும். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடியும். ஆனால் நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூடும். ஆஷ்லி இதனை ஏற்றார். தொழிலாளர் தலைவர் பலர் அவரைத் துரோகி என்றே தூற்றினர். முழு உரிமையைக் கேட்டுக் காத்திருப்பதா, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலே செல்வதா என்னும் இக்கேள்வி, உரிமைக்குப் போராடும் எம்மக்களுக்கும் எந்நாளும் எழுவதே. அதற்கு எளிய விடை இல்லை. ஆஷ்லி தாம் தேர்ந்த வழியின் பழியைத் தாமே சுமந்தார் என்பது மட்டும் உறுதி.

கந்தல் பள்ளிகள்

நம் போன்ற கல்விச் சங்கத்தார் சிறப்பாக அறிய வேண்டியது இவருடைய கல்விப் பணியாகும். அன்றைய இலண்டன் தெருக்களில் வீடும் பெற்றோரும் அற்ற சிறுவர் ஆயிரக்கணக்கில் அலைந்தனர். அவர்தம் கந்தல் உடையையும் அழுக்கையும் கண்டு எந்தப் பள்ளியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போர்ட்ஸ்மத் நகரில் ஜான் பவுண்ட்ஸ் என்னும் ஊனமுற்ற செருப்புத் தொழிலாளி, தம் சிறு பட்டறையில் செருப்புத் தைத்துக்கொண்டே அத்தகைய சிறுவர்க்கு இலவசமாக எழுத்தும் படிப்பும் சமையலும் கற்பித்தார். 1839இல் அவர் மறைந்த பின்னர் அவ்வழியைப் பின்பற்றி ஆங்காங்கே பள்ளிகள் எழுந்தன. குதிரை லாயங்களிலும் இரயில் பாலங்களின் அடியிலும் நடந்த அவற்றிற்குக் கந்தல் பள்ளிகள் என்றே பெயர் வழங்கிற்று.

1843இல் இத்தகைய பள்ளி ஒன்று உதவி வேண்டிச் செய்த நாளிதழ் விளம்பரம் ஆஷ்லியின் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு இப்பள்ளிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபோது அவர் அதன் தலைவரானார். இறுதிவரை அப்பொறுப்பில் நீடித்தார். பெயரளவில் தலைவராயிராது, சேரிகளுக்குத் தாமே சென்று வகுப்புகளைக் கண்டார். சிறுவரோடு அமர்ந்து பேசினார். பகலில் பிழைப்புத் தேடுவோர்க்கு மாலை வகுப்புகளும், பசித்தோர்க்கு உணவும், தையல் முதலிய தொழிற் பயிற்சியும் தரப்பட்டன. 1851இல் காலணி மெருகிடும் சிறுவர் அணி ஒன்று அமைந்து, தெருச் சிறார்க்கு நேர்மையான வருவாய்க்கு வழி செய்தது. 1866இல் வீடற்ற சிறுவரைக் கடல் தொழிலுக்குப் பழக்கப் பயிற்சிக் கப்பல் ஒன்றும் ஏற்பட்டது. இலண்டனில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் இப்பள்ளிகளில் பயின்றனர் எனக் கணக்கிடுவர். 1870இல் நாடெங்கும் தொடக்கக் கல்விக்கு அரசாங்கமே சட்டம் செய்தபோது, அதற்கு முன்னரே கடைக்கோடிக் குழந்தையும் கற்கவல்லது என்பதை இப்பள்ளிகள் மெய்ப்பித்திருந்தன.

புகைபோக்கிச் சிறுவர்

இவர் நடத்திய போராட்டங்களுள் மிக நீண்டது புகைபோக்கித் துப்புரவுச் சிறுவர்க்கானது. அந்நாட்டு மாளிகைகளின் புகைபோக்கிகள் ஒன்பது அங்குல அகலமே உடையனவாகவும் இருந்தன. அவற்றினுள் ஏறிக் கரியைச் சுரண்ட ஐந்தாறு வயதுச் சிறுவர் அனுப்பப்பட்டனர். முழங்காலும் முழங்கையும் மரத்துப்போகும் பொருட்டு உப்புநீர் தேய்க்கப்பட்டது. ஏறத் தயங்கினோரைக் கீழிருந்து நெருப்பு மூட்டி விரட்டுவதும் உண்டு. மூச்சுத் திணறி இறந்தோர் பலர். பிழைத்தோர் சிலரைப் புகைக்கரியால் வந்த புற்றுநோய் கொன்றது.

இக்கொடுமையைத் தடுக்க 1788, 1834, 1840, 1864 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் செய்யப்பட்டன. ஆயினும் கொடுமை ஒழியவில்லை. துடைப்பக் கருவிகள் இருந்தும், தம் வீட்டுக் கம்பளம் கறைபடுமென அஞ்சிய செல்வர் சிறுவரையே ஏற்றினர். நீதிபதிகளின் வீடுகளிலும் அதுவே நடந்ததால் குற்றவாளிகள் தண்டனையின்றித் தப்பினர். 1875இல் கேம்பிரிட்ஜ் அருகில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் மருத்துவமனைப் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். ஷாப்ட்ஸ்பரி மீண்டும் எழுந்தார். துப்புரவுத் தொழில் செய்வோர் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும், அதனைக் காவல் துறையினர் கண்காணிக்க வேண்டும் என்னும் சட்டத்தை அவ்வாண்டிலேயே நிறைவேற்றினார். அதன் பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. முதற் சட்டத்திற்கும் இறுதிச் சட்டத்திற்கும் இடையே கழிந்தவை எண்பத்தேழு ஆண்டுகள்!

கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் செய்யப்பட்டன. இரண்டாம் சட்டத்தின் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிர்கள் பலியாயின. சட்டம் பிறப்பது வேறு, அது நடைமுறையில் வாழ்வது வேறு என்பதை இவ்விரு வரலாறுகளும் ஒருங்கே காட்டுகின்றன.

குறைகளும் நிறைகளும்

1851இல் தந்தை மறைந்ததும் ஆஷ்லி ஏழாம் ஷாப்ட்ஸ்பரி பிரபுவானார். அதற்கு முன்னர், டார்செட் மாவட்டத்து உழவுத் தொழிலாளரின் வறுமையை மறந்து ஆலைத் தொழிலாளர்க்கு மட்டும் வாதாடுகிறார் என ஆலை முதலாளிகள் இவரைச் சாடினர். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. 1843இல் இவர் அம்மாவட்ட நிலக்கிழார்களை வெளிப்படையாகக் கண்டித்ததும் தந்தை சினந்து வீட்டில் நுழைய விடவில்லை. நிலம் தம் கைக்கு வந்தபோது அதனுடன் கடனும் வந்தது. எனினும் மேலும் கடன்பட்டுத் தொழிலாளர்க்கு நல்ல வீடுகளைக் கட்டினார்.

வேறு குறைகளும் இவர்பால் உண்டு. ஏழைக்கு இரங்கிய இவர், ஏழைக்கு வாக்குரிமை வழங்குவதை விரும்பவில்லை. தொழிற்சங்கங்களையும் ஐயுற்றே நோக்கினார். மேலோர் கீழோரைக் காக்க வேண்டும் என்பதே இவர் கொள்கை. கீழோர் மேலோர் என்னும் பிரிவே கூடாதென்பது இவர் கொள்கையன்று. எத்துணைப் பெரியோராயினும் மற்றொருவர் நமக்காகப் பேசுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இதனால் உணர்கிறோம்.

இந்திய ஆலைகள்

இவருடைய குரல் நம் நாட்டுக்காகவும் ஒலித்தது. 1843இல் இந்தியாவில் விளைவித்த அபினியைச் சீனர்க்கு விற்கும் வாணிகத்தைச் சபையில் கண்டித்தார். 1875லும் 1879லும் பம்பாய்ப் பஞ்சாலைகளில் குழந்தைகள் படும் துன்பத்தைப் பிரபுக்கள் சபையில் எடுத்துரைத்தார். இந்திய ஆலைகளின் போட்டியை வெறுத்த லங்காஷயர் முதலாளிகளின் நலனும் இக்கிளர்ச்சியில் கலந்திருந்தது என்பது மறுக்கவொண்ணாதது. எவ்வாறாயினும் 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்டோர் வேலை செய்தல் தடுக்கப்பட்டது. பன்னிரண்டு வயது வரையிலானோர்க்கு ஒன்பது மணி நேரமென வரையறுக்கப்பட்டது. வயது வந்தோரின் வேலை நேரத்தை அச்சட்டம் வரையறுக்கவில்லை. ஆதலின் 1884இல், மகாத்மா சோதிராவ் புலேயின் வழிநின்ற நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய்த் தொழிலாளரைத் திரட்டி, வார ஓய்வு முதலிய உரிமைகளைக் கேட்டார். பின்னர் அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்று, வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்பதைச் சட்டமாக்க வழிவகுத்தார். இரக்கமுள்ள பிரபு தொடங்கி வைத்ததை, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களே உரிமையாக வளர்த்தெடுத்தனர்.

மறைவு

அமைச்சர் பதவிகள் தேடி வந்தபோதும் ஏலாத ஷாப்ட்ஸ்பரி, 1885 அக்டோபர் முதல் நாள் தம் எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் வழிபாடு நிகழ்ந்தபோது, தெருவெங்கும் ஏழை மக்கள் கொட்டும் மழையெனக் கண்ணீர் சொரிந்து நின்றனர். காலணி மெருகிடும் சிறுவரும், தள்ளுவண்டி வணிகரும், பூ விற்கும் பெண்களும் அணியணியாக வந்து வணங்கினர். துணையின்றிச் சென்ற ஓர் ஏழையின் சவப்பெட்டியைக் கண்டு தொண்டினைத் தொடங்கியவரின் இறுதிப் பயணத்தில் ஏழையர் உலகமே துணை நின்றது. அவர் விருப்பப்படி உடல் பேராலயத்தில் புதைக்கப்படாது, சொந்த ஊராகிய செயின்ட் ஜைல்ஸில் அடக்கம் செய்யப்பட்டது. 1893இல் இலண்டனில் அவர் நினைவாக நீரூற்று ஒன்று நிறுவப்பட்டது.

இளைஞர்களே! ஒரு சட்டம் தோற்றபோது மறு சட்டத்திற்கு எழுந்தமையே இப்பெரியாரின் பெருமை. அவ்வுறுதியை நாம் அவரிடம் கற்போம். ஆனால் நமக்காகப் பேச ஒரு பிரபு வருவாரெனக் காத்திருக்கும் காலம் கடந்துவிட்டது. சட்டத்தைப் படித்தறியவும், அது மீறப்படுமிடத்துத் தட்டிக்கேட்கவும், நம் தெருவில் பள்ளி செல்லாத குழந்தை ஒன்றையேனும் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் நம்மிடமே ஆட்கள் உருவாக வேண்டும். நம் சங்கம் நடத்தும் கல்விப் பணியின் பயன் அதுவேயாகும்.